உதுன்னா எதுங்க சேர்?

எங்க அக்கா பூரணியோட மொகம் இந்த ஒலகத்துல ஒரே ஒரு எடத்துலதான் மிச்சம் இருந்துச்சு. ஹட்டன் டவுன்ல எங்க முதலாளி நஸார் நானாவோட ஸ்டூடியோவுல, பின்ரூம் கம்பியூட்டருக்குள்ள. அத அழிச்சது யாருன்னு கேட்டா ஸ்டூடியோவுல என்னையக் காட்டுவாங்க. எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல கேட்டாலும் என்னையத்தான் காட்டுவாங்க. பெத்த அம்மாவும் என்னையத்தான் காட்டுது. காட்டட்டும், எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல. நடந்தத நடந்தபடி சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

அக்கா செத்தது பிரசவத்துல. தோட்டத்து லொறியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப வழியிலேயே போயிட்டா. புள்ள பொழச்சிருச்சு, கௌசின்னு பேரு வச்சோம். மச்சான் அழகனுக்குக் கொழும்புல கடையில வேல. கொஞ்ச மாசம்கூடத் தாங்கல, அங்கயே ஒருத்தியச் சேத்துக்கிட்டாரு. பேர்ஸ்ல இருந்த அக்கா படத்த அந்தப் பொம்பள கிழிச்சிப் போட்டுட்டாளாம். பஸ் டிக்கட்டத் தொலச்ச மாதிரி அவரே வந்து சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போனாரு.

அதுக்கப்பறம் லயம் எரிஞ்சுச்சு. பகல் நேரம், எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தாங்க. லயம்னா வரிசை வீடு, எல்லாத்துக்கும் ஒரே கூரதானே, ஒரு முனையில புடிச்சது மறுமுனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா கல்யாண அல்பம், கசட், அக்காவோட அடையாள அட்டை, அவ கட்டுன சீலைங்க எல்லாம் சாம்பல். எங்களக் கொண்டு போயி புள்ள மடுவத்துல போட்டாங்க. பகல்ல கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போவாங்களே, அந்த எடம். அங்க தொட்டிலுக்கு நடுவுல படுத்துக் கெடந்தோம்.

சாம்பலக் கிளறிட்டு வந்த அம்மா கேட்ட மொதக் கேள்வி இதுதான்: "லெச்சுமி, ஒங்க கடையில அவ இருக்காளா?"

"இருக்கா"ன்னேன்.

இருந்தா. ஏன்னா அவ கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தது நஸார் நானாவோட ஸ்டூடியோ, கேமரா புடிச்சது நானு. பந்தியில சோறு திங்கிறப்ப அவ பக்கத்துல போயி நின்னுக்கிட்டேன். அவ வாயில சோத்தோட என்னயப் பாத்து வையிறா: "கேமராவ அங்கிட்டுத் திருப்புடி சனியனே, திங்க விடு!" அது ஒண்ணுதான் அவ கொரலு. வீடியோவுல மத்த எடமெல்லாம் மேளம்.

அம்மா வருசத் தெவசத்துக்குப் படம் வச்சு மாலை போடணும்னு நின்னுச்சு. அக்கா செத்த நாளும் கௌசி பொறந்த நாளும் ஒண்ணுதானே. "அவ பெத்தவ மொகத்த ஒரு தரமாவது பாக்கட்டும்"ன்னு சொல்லுச்சு. இதுக்கு மேல எங்களுக்கு வேற என்னங்க வேணும்? ஒரே ஒரு படம்.

மறுநாளே கடைக்குப் போயி கம்பியூட்டரப் போட்டேன். உள்ள வீடியோ போட்டு வைக்கிற டிஸ்க்கு கர்ரு கர்ருன்னுச்சு, தேங்கா திருவுற மாதிரி. நஸார் நானா ஓடி வந்து சுச்ச அமத்திட்டாரு.

"தொடாத புள்ள! சேரைக் கேட்டுட்டுத்தான் எதுவும்."

சேருன்னா சிவரூபன் சேர். யாழ்ப்பாணத்துக்காரரு, நுவரெலியாவுல கம்பியூட்டர் படிச்சிக் குடுக்கிறவரு. எங்க கடைக்கு லினக்ஸ் போட்டுக் குடுத்தது அவருதான். வைரஸ் வராதுன்னு சொல்லித்தான் நானா தலைய ஆட்டுனாரு. மொதத் தடவ அவரு கடைக்கு வந்தப்ப நடந்ததச் சொல்லணும். அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுச்சு.

அவரு மேசைக்கு அந்தப் பக்கம் பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். தலைய நிமித்தாமலே, "பிள்ளை, உதை"ன்னாரு. நான் முழிக்கிறேன். "உதை! உதை!"ன்னு கத்துறாரு. என் காலுக்குப் பக்கத்துல காலி அட்டைப்பெட்டி ஒண்ணு கெடந்துச்சு. சரி, எடஞ்சலா இருக்கு போலன்னு ஓங்கி ஒரு ஒத விட்டேன். பெட்டி கடை வாசல் வரைக்கும் போச்சு. மனுசன் மொதல்ல பயந்துட்டாரு, அப்பறம் சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அவரு கேட்டது என் கைக்கிட்ட இருந்த ஸ்க்ரூடிரைவர். 'உது'ன்னா அவங்க ஊருல ஏதோ ஒண்ணக் காட்டுற பேச்சாம், அதுதான் 'உதை'ன்னு வந்திருக்கு. நஸார் நானாவும் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு. வந்த போன ஆளுக்கெல்லாம் சேர் இதச் சொல்லிச் சொல்லி, நான் டீ கொண்டு போனாக்கூட "உதை வையும், காலாலை வேண்டாம்"ன்னு நக்கல்.

சிரிச்சாங்களே தவிர, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு ஒருத்தரும் சொல்லல. நானே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டேன். அவரு ஒக்காந்திருந்த எடத்துல இருந்து ஸ்க்ரூடிரைவர் தூரமாத்தானே இருந்துச்சு? அப்ப உதுன்னா அது. தூரத்துல உள்ளது. எங்களுக்கு இதுவும் அதுவும் போதும், அவங்களுக்கு அதுவுக்கே இன்னொரு பேரு போலன்னு நெனச்சுக்கிட்டேன். பெரிய எடத்துக்காரங்க, ரெண்டு பேரு வச்சிருப்பாங்க.

சரி, டிஸ்க்கு கதைக்கு வாறேன். சேர் போன்ல சத்தத்தக் கேட்டுட்டு, இது சாகப் போற டிஸ்க்கு, புதுசு ஒண்ணு வாங்குங்கன்னு சொல்லிட்டாரு. ரெண்டையும் சோடி சேத்துக் கண்ணாடி மாதிரி கட்டி வைக்கலாமாம். ஒண்ணுல உள்ளது அப்படியே மத்ததுலயும் வந்துருமாம். அதுக்கப்பறம் ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு உசிரோட இருக்குமாம். அதுவரைக்கும் பழசத் தொறந்து எதையும் பாக்கக்கூடாது, பாக்கப் பாக்க அது சாவும்னாரு.

"நானா, ஒரே ஒரு படம் மட்டும் எடுத்துக்கிறேன். அக்கா படம். ஒரு நிமிசம்"ன்னு நான் கெஞ்சினேன். நான் யாருக்கிட்டயும் கெஞ்சுறவ இல்ல. அன்னிக்குக் கெஞ்சினேன்.

"சேர் தொட வாணாம்ண்டு சொல்லிட்டாரு புள்ள. உள்ளுக்கு எத்தின பேருட கலியாணம் ஈக்கி? ஒன்ட ஒரு படத்துக்காக எல்லாம் போனா யாரு பதில் சொல்றது? புதுசு வரட்டும், பத்துப் படம் எடுத்துக்க."

புதுசு கொழும்புல இருந்து வந்துச்சு. சேர் வாறேன் வாறேன்னு வரல. பள்ளிக்கூடத்துல சோதனையாம். நானாவுக்கு அந்தக் கிழமை வரிசையாக் கல்யாணம், எடுத்த வீடியோவப் போட எடமில்ல. "போன்ல கேட்டு நீயே செஞ்சிரு புள்ள"ன்னு என் தலையில கட்டிட்டாரு. எனக்கும் அவசரம்தான், இல்லன்னு சொல்லல. தெவசம் நெருங்கிக்கிட்டு இருந்துச்சு.

காலையில கடை தொறந்த ஒடனே ஒக்காந்தேன். பழைய டிஸ்க்கு பெட்டிக்குள்ள, கூட்டுல இறுக்கி இருக்கு. புதுச வைக்கக் கூட்டுல எடமில்ல, வயர மட்டும் மாட்டி வெளிய மேசை மேல என் கைக்கிட்ட வச்சுக்கிட்டேன். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவுல. சேரைச் சுத்திப் புள்ளைங்க சத்தம் கேக்குது.

"புதுசு எங்கை கிடக்கு?"ன்னு கேட்டாரு.

"எங்கிட்டதாங்க சேர், மேசையில. பழசு உள்ள இருக்கு."

"சரி. இனி நான் சொல்லுறதை எழுது." ஒவ்வொரு எழுத்தாச் சொன்னாரு, நானும் ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். கடைசியில ரெண்டு டிஸ்க்கோட பேரையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா அடிக்கணும். "உதின்ரை பேரைப் பின்னுக்குப் போடு, மற்றதை முன்னுக்குப் போடு."

எனக்கு ஒரு தரம் மனசு நின்னுச்சு. "எதுங்க சேர் பின்னால?"

"உது! உதெண்டு சொல்லுறன்!"

"முன்ன பின்ன மாறினா என்னங்க சேர் ஆகும்?"

"உனக்கு அதெல்லாம் என்னத்துக்கு? சொன்னாலும் உனக்கு விளங்காது. சொன்னதை மட்டும் செய்."

இந்த எடத்தக் கொஞ்சம் நல்லாக் கேட்டுக்கோங்க. முன்னால உள்ளதுல இருந்துதான் பின்னால உள்ளதுக்குக் கொட்டும், பின்னால இருந்தது அழிஞ்சிரும். அவ்வளவுதான். இந்த ஒரு வரிய அந்த மனுசன் சொல்லியிருந்தா நான் செத்தாலும் மாத்திப் போட்டிருக்க மாட்டேன். வெளங்காதுன்னாரு. கேமராவுல இருந்து கம்பியூட்டருக்குக் கொட்டத் தெரிஞ்சவளுக்கு, டிஸ்க்குல இருந்து டிஸ்க்குக்குக் கொட்டுறது வெளங்காதாமே!

உது, அதாவது அது, தள்ளி உள்ள இருக்கிறது. பழசோட பேரப் பின்னால போட்டேன். என் கைக்கிட்ட இருந்த வெறும் டிஸ்க்கோட பேர முன்னால போட்டேன்.

கம்பியூட்டர் பாவம், அது கேட்டுச்சு. "ஒண்ணுல ஏற்கனவே என்னமோ இருக்காம், தொடரவான்னு கேக்குதுங்க சேர்"ன்னேன்.

"பழசிலை இருக்குத்தானே, கேக்கும். ஓமெண்டு குடு."

குடுத்தேன். டிஸ்க்கு கர்ரு கர்ருன்னு ஆரம்பிச்சுச்சு. திரையில ஒரு கோடு, அதுக்குப் பக்கத்துல வீதக் கணக்கு ஒண்ணு ஏறிக்கிட்டே போகுது. இது முடியிற வரைக்கும் எதையும் தொடாத, முடிஞ்சதும் ரெண்டு யூ எழுத்து வரும், வந்தா எல்லாம் சுகம்னு சொல்லிட்டு அவரு போன வச்சுட்டாரு.

நான் பகல் பூரா அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேங்க. கடைக்கு ஆள் வந்தாப் படம் எடுத்துக் குடுப்பேன், திரும்பி ஓடி வந்து பாப்பேன். கொஞ்சங் கொஞ்சமா ஏறுது. இப்ப அக்காவோட தலை வந்திருக்கும், இப்பப் பந்தி வந்திருக்கும், இப்ப என்னைய வைவான்னு நெனச்சு நெனச்சுத் தனியாச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தச் சத்தம் அவளத் திருவித் திருவி எடுக்கிற சத்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? தோட்டத்து ஆளு இராமையாண்ணன் படம் எடுக்க வந்தாரு, அவருக்கிட்ட, "அண்ணே, அம்மாக்கிட்ட சொல்லுங்க, அக்கா இப்ப ரெண்டு எடத்துல இருக்கான்னு"ன்னு சொல்லி விட்டேன். நானே என் வாயால சொல்லி விட்டேன்.

ரெண்டு யூ வந்துச்சு. போன் போட்டேன். "ரெண்டு யூ இருக்குங்க சேர்!"

"அப்ப சுகம். இனி ஒண்டுக்கும் பயமில்லை"ன்னாரு.

தொறந்தேன். ஒண்ணுமில்ல. திரும்பத் தொறந்தேன், அமத்திட்டுப் போட்டுத் தொறந்தேன். அக்கா இல்ல, யாருமே இல்ல. ரெண்டு டிஸ்க்கும் அச்சு அசல் ஒரே மாதிரி, ரெண்டும் வெறுமை. ரெண்டு யூ மட்டும் பல்லக் காட்டிக்கிட்டு நிக்குது.

சேர் மறுநாள் வந்தாரு, இப்ப மட்டும் நேரம் கெடச்சுச்சு. நான் அடிச்சத வாசிச்சுப் பாத்தாரு. "இனி ஒண்டும் செய்யேலாது"ன்னாரு. அப்பறம் திரையப் பாத்துக்கிட்டே, "நான் உதெண்டு வடிவாச் சொன்னனான்தானே?"ன்னாரு.

"உதுன்னா அதுதானுங்களே சேர்?"

தலைய நிமித்தவே இல்ல. "உதெண்டா உனக்குக் கிட்ட கிடக்கிறது. உன்ரை கைக்குக் கிட்ட. தமிழே விளங்காதவளிட்டைப் போய் நான் லினக்ஸ் சொல்லிக் குடுத்திருக்கிறன்!" சொல்லிட்டுச் சிரிச்சாரு. சத்தியமாச் சொல்றேன், சிரிச்சாரு. அல்பத்துல எரிஞ்சது போதாதுன்னு எங்க அக்கா இங்கயும் அழிஞ்சு போயிட்டா, அந்தக் கதிரையில ஒக்காந்து அந்த ஆளு சிரிச்சாரு. கொஞ்ச நேரம் கழிச்சு நஸார் நானாவும் தாங்க முடியாமச் சிரிச்சிட்டாரு, அந்த அட்டைப்பெட்டி அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். சிரிச்சு முடிச்சதும் மொகத்த மாத்திக்கிட்டு, "கலியாணக்காரங்க வந்தா நீயே பதில் சொல்லு"ன்னாரு. வந்தாங்க. நான்தான் பதில் சொன்னேன். ஒருத்தி என் மூஞ்சியில துப்பிட்டுப் போனா.

அதெல்லாம் தொடச்சிட்டுப் போயிரலாம். அம்மாக்கிட்ட சொன்னதத்தான் தொடைக்க முடியல.

"ரெண்டா இருக்குன்னு சொல்லி விட்டியே?"

"ரெண்டுலயும் இல்லம்மா."

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னியே?"

நான் உது அது எல்லாத்தையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கௌசி மடியில தூங்குது. எல்லாம் சொல்லி முடிச்சதும், "ஒனக்கு எப்பவும் அவளக் கண்டா ஆகாது"ன்னுச்சு. "நல்லது பொல்லதுன்னா அவளத்தான் கூப்புடுவேன்னு ஒனக்கு எரிச்சல். வேணும்னே செஞ்சிட்ட"ன்னுச்சு. கத்தல, அடிக்கல. அதுதான் அம்மா என்னோட கடைசியாப் பேசுன பேச்சு.

தெவசத்துக்கு முந்தி ஒரு நாள் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்துச்சு. மலையில இருந்து நேரா வந்திருக்கு, கொழுந்தெடுக்க இடுப்புல கட்டுன படங்குச் சாக்கக்கூட அவுக்கல. என்னயப் பாக்கல. நஸார் நானாக்கிட்டப் போயி, "முதலாளி, இவளுக்குச் சீல கட்டி ஒரு படம் புடிங்க. அவளும் இவளும் ஒரே மொகச்சாடதான்"ன்னுச்சு.

எனக்குக் கொஞ்ச நேரம் வெளங்கல. வெளங்குனதும், "நான் உசிரோட இருக்கேம்மா"ன்னேன். அம்மா நானாவையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

படம் எடுக்க வாறவங்களுக்குன்னு ஸ்டூடியோவுல வச்சிருக்கிற செவப்புச் சீலையக் கட்டுனேன், பிளாஸ்டிக் மாலையப் போட்டேன். அம்மாவே தலை சீவி, அக்காவுக்கு மாதிரி நடு வகிடு எடுத்துச்சு. என் தலையில அம்மா கை பட்டு எத்தனை நாளு! அழுகை அழுகையா வந்துச்சு. அக்காவுக்குக் கன்னத்துல ஒரு மச்சம் இருக்கும். அம்மா மைய எடுத்து என் வலது கன்னத்துல வச்சுச்சு. வச்ச கையி அப்படியே நின்னு போச்சு. அழிச்சிட்டு இடதுல வச்சுச்சு. அதையும் அழிச்சுச்சு. பெத்தவளுக்கே தெரியல. எனக்கும் இடதா வலதான்னு நெனக்க நெனக்க மாறி மாறி வருது. கேட்டுப் பாக்க இப்ப யாரு இருக்கா? "வலது பக்கம்தான் லைட் விழுது, அங்கயே வைங்க"ன்னு நானா முடிச்சு வச்சாரு. எங்க அக்காவோட மச்சம் வலது கன்னத்துக்கு வந்தது அப்படித்தான்.

நானா ரெண்டு படம் போட்டாரு. "ஒண்ணு போனா இன்னொண்ணு ஈக்கும்தானே"ன்னு கண்ணடிச்சாரு. ஒண்ண அம்மாக்கிட்டக் குடுத்தாரு, இன்னொண்ண வெளம்பரத்துக்குக் கடைக் கண்ணாடியில வச்சுக்கிட்டாரு.

தெவசத்தன்னிக்குப் புள்ள மடுவத்துல படத்த வச்சு, மாலை போட்டு, வெளக்கேத்துனோம். லயத்துல பக்கத்துக் காம்பராவுல இருந்த மீனம்மா வாயில சீலையப் பொத்திக்கிட்டு, "அச்சு அசல் பூரணியேதான், அந்தக் கண்ணப் பாரேன்"னு அழுவுறா. நான் அவ பக்கத்துலதான் நிக்கிறேன். கௌசியத் தூக்கிக் காட்டி, "அம்மா, அம்மா சொல்லு"ன்னாங்க. சொல்லுச்சு. எல்லாரும் விழுந்து கும்புட்டாங்க, நானும் விழுந்து என்னயக் கும்புட்டேன். வேற வழி?

கொஞ்ச நாள் கழிச்சு சிவரூபன் சேர் கடைக்கு வந்தாரு. கண்ணாடியில இருந்த படத்துக்குக் கிட்ட நான் நிக்கிறேன். வாசல்ல இருந்தே கை காட்டி, "உது ஆர், உந்தப் பெட்டை? நல்ல வடிவாயிருக்கிறா"ன்னாரு. உதுன்னா எதுன்னு எனக்கு இப்ப நல்லாத் தெரியும்.

"செத்துப் போனவங்க சேர்"ன்னேன்.

"ஐயோ பாவம்"னாரு. நெசமாவே மொகம் வாடிப் போச்சு. இத்தனை நாளு என் மூஞ்சிய அந்த மனுசன் ஒரு தரம்கூடப் பாத்ததே இல்லைங்க.

எங்களுக்குப் புது லயம் இன்னும் கட்டிக் குடுக்கல. அம்மா இன்னும் என்னோட பேசல. ஆனா காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் போறதுக்கு முந்தி அந்தப் படத்துக்கு முன்னால ஒக்காந்துருது. கௌசிக்குப் பல்லு மொளச்சதச் சொல்லுது, கொழுந்து கொறஞ்சதச் சொல்லுது, முட்டிக்கால் வலியச் சொல்லுது. எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, சீலத் தலப்பால அந்தக் கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே, "ஒன் தங்கச்சி ஒன்ன இல்லாம ஆக்கிட்டாளேடி, பாவி, அவ நல்லா இருப்பாளா"ன்னு என் மூஞ்சியப் பாத்துத்தான் கேக்குது.